ஏ குழு, பி குழு, என் ஆறு மா

நடவுக்கு ஆள் பிரிப்பது எப்படி என்று எங்களுக்குப் பாடம் நடத்த வந்தார் ஊர் விவசாயிகள் குழுவின் செயலாளர். சின்ன வயசு, தஞ்சாவூரில் இரண்டு நாள் பயிற்சி, கையில் டேப்லெட். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மன்னார்குடிப் பக்கம் கடைமடையில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்கிறவள் நான். எங்கள் வாய்க்காலில் ஆறு நாள் தண்ணீர் வரும், ஆறு நாள் வராது. வருகிற ஆறு நாளில் இரண்டு நாள் அது என் வயலுக்கு வந்து சேரவே போய்விடும். சேறடிக்க இரண்டு நாள். மிச்சம் இரண்டே நாளில் நட்டு முடிக்கணும். நாற்றுக்கு வேறு வயசு ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த முறை தண்ணீர் வரும்வரை அது தாங்காது.

எங்கள் ஊரில் நடவுக்கு வரும் பெண்கள் இருபது பேர். பத்துப் பத்தாகப் பிரிந்து வருவார்கள். கை வேகமானவர்கள் வரிசையின் இரண்டு ஓரத்திலும், மெதுவானவர்கள் நடுவிலும் நிற்பார்கள். ஓரம் நகர நகர நடுவும் நகர்ந்தே ஆகணும். யாராவது பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் எட்டி நாலு குத்து வைத்துவிடுவாள். விடிந்ததும் நாற்றுப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

செயலாளர் வேகமான பத்துப் பேரையும் சேர்த்து ஏ குழு என்றார். மிச்சப் பேர் பி. எல்லோரும் ஒன்பது மணிக்கு விவசாயிகள் குழுக் கொட்டகைக்கு வந்து, பேர் வாசித்த பிறகுதான் வயலுக்குப் போகணுமாம். ஏ குழு யாருக்குப் போச்சு? வாய்க்கால் தலைப்பில், தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத விவசாயிகள் குழுத் தலைவர் வயலுக்கு. எனக்கு பி. கேட்டால், பட்டியல்படிதானாம். பட்டியலாம், மண்ணாங்கட்டி!

முதல் நாள் பத்து மணிக்கு மேல்தான் நாற்றங்காலில் இறங்கினார்கள். வெயிலில் பறித்த நாற்று துவண்டு போச்சு. இழுத்துக்கொண்டு போக ஓரத்தில் ஆளில்லை. ஒருத்தி இடுப்பு நிமிர்ந்தால் எல்லோரும் நிமிர்ந்தார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒரே ஒரு மா முடிந்திருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர்களில் ஒருத்தி சேற்றுக் கையோடு நின்று, "பி-ன்னு பேர் வச்சப்புறம் கையே ஓடலைங்கக்கா" என்றாள். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. திட்ட வேண்டிய ஆளை விட்டுவிட்டு இவர்களைத் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் தலைவர் வயலுக்கே போனேன். அங்கே பத்துப் பேருமே ஓரத்தில் நின்று பழகியவர்கள். நடுவில் யார் நிற்பது என்று முணுமுணுப்பு. நடவாட்களைக் கூட்டி வருகிற அம்மாவிடம் என் நிலைமையைச் சொன்னேன். அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஐந்து பேரை என்னோடு அனுப்பி, என் வயலிலிருந்து ஐந்து பேரை அங்கே வரவழைத்தார். அதற்கப்புறம் பார்க்கணுமே, இருட்டுவதற்குள் மூன்று மா நட்டு முடித்தார்கள். ஆனால் அன்றைக்கே வாய்க்காலை அடைத்தாச்சு. இருந்த தண்ணீர் நட்ட நாலு மாவுக்கே சரியாகப் போச்சு. மிச்சம் இரண்டு மா சேறு நாலைந்து நாளில் பாளம் பாளமாக வெடித்தது. முற்றிப்போன நாற்றை மாட்டுக்குப் போட்டேன்.

அடுத்த வாரம் செயலாளர் என் வயலுக்கு வந்து, பச்சை பிடித்த பக்கமாக நின்று படம் எடுத்தார். குழு முறையில் நட்ட வயல் என்று கூட்டத்தில் காட்டப்போகிறாராம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வரப்போடு நடத்தி, வெடித்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"தம்பி, உங்க குழு முறை செஞ்சது இதுதான். இதையும் காட்டுங்க."

அவர் டேப்லெட்டைத் தடவிப் பார்த்தார். "நடாத நிலத்தைப் போட இதுல இடமில்லைங்கக்கா" என்றார்.

நாலு மா விளைச்சல் குத்தகைக்கும் உரத்துக்குமே போய்விடும். அவர் இடமில்லை என்று சொன்ன அந்த இரண்டு மாதான் எங்கள் வீட்டுக்கு வருஷம் பூராவும் சோறு.