முஸ்டாங்கின் இருபது நொடிகள்

என் கணவருக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. எனக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேசிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. கடை இல்லாத நேரமெல்லாம் அவர் இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஓட்டுகிற ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பார். ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இன்னா இது, சுட ஆரம்பிக்கறதுக்குள்ள தோட்டா தீந்துபோச்சு!" என்றார்.

"மொத்தம் எத்தனை இருந்துச்சு? நிமிஷத்துக்கு எத்தனை சுடும்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசினோம்.

அது ஸ்பிட்ஃபயர் என்கிற பிரிட்டிஷ் விமானம். முதலில் வந்த மாடலில் எட்டுத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் முந்நூறு தோட்டா. கேட்பதற்கு நிறைய இருப்பதுபோலத் தெரியும். விசையை விடாமல் அழுத்தினால் பதினைந்து நொடி சொச்சத்தில் எல்லாம் காலி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போனவனிடம் இருந்தது அவ்வளவுதான் என்பது என்னை என்னவோ செய்தது. மற்ற விமானங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். அவர் இணையத்திலிருந்து பழைய கையேடுகளை எடுத்துக் கொடுப்பார். நான் மலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். வடக்கனந்தல் தாண்டினால் கூட்டம் குறையும், நோட்டை விரிக்க இடம் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் எழுத்து கோணிப்போகும்.

மூன்று வருடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் சேர்ந்தன. துப்பாக்கி எத்தனை, எந்த அளவு, தோட்டா எத்தனை, எத்தனை நொடி தாங்கும், ஒரு நொடியில் எவ்வளவு எடை ஈயம் போகும் என்று எல்லாம் ஒரே அட்டவணையில். அதிகம் அலைக்கழித்தது முஸ்டாங் என்கிற அமெரிக்க விமானம். ஆறு துப்பாக்கி, மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று எண்பது தோட்டா. ஆறால் வகுத்து, துப்பாக்கி ஒன்று நொடிக்குப் பதிமூன்று சொச்சம் சுடும் என்று போட்டால் இருபத்து மூன்று நொடி வரும். ஆனால் அது தப்பு. உள்பக்கத்து இரண்டுக்குத்தான் தலா நானூறு. மற்ற நான்குக்கு இருநூற்று எழுபதுதான். அந்த நாலும் இருபது நொடியில் ஓய்ந்துவிடும். மிச்சப் பத்து நொடிக்கு இரண்டே துப்பாக்கி. சராசரி எப்படி ஆளை ஏமாற்றும் என்று அன்று இவருக்குச் சொன்னேன். தலையாட்டினார்.

போன வருடம் ஒருநாள், "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு ஒரு யூடியூப் சேனல்ல என்னப் பேட்டி எடுக்கறாங்க. கேம் பத்திதான்" என்றார். எனக்கு அவரைவிட சந்தோஷம். முன்னறையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததும், சத்தம் கேட்கக்கூடாதென்று மிக்சி போடாமல் குழம்பு வைத்தேன். அடுப்படியில் என் போனில் பேட்டியை நேரலையில் ஓட விட்டேன்.

திரையில் என் அட்டவணை வந்தது. கீழே அவர் பெயர் மட்டும் இருந்தது.

"எவ்ளோ வருஷ உழைப்பு சார் இது?" என்று பேட்டி எடுத்தவர் கேட்டார்.

"மூணு வருஷம் சார். தனியா உக்காந்து போட்டது."

"வீட்ல திட்டலையா?"

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாது சார். மலையில டீச்சரா இருக்காங்க. மேல பிளேன் போனா அண்ணாந்து பாப்பாங்க, அவ்ளோதான்."

இருவரும் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பு போனிலும் கேட்டது, கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. கதவு வழியாக வந்தது சற்று முன்னால் வந்தது. அடுப்பைச் சிறிதாக்கினேன்.

பார்வையாளர் ஒருவர் முஸ்டாங் எத்தனை நொடி சுடும் என்று கேட்டிருந்தார். இவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். அதற்குள் என் போனுக்கு ஒரு மெசேஜ்: "முஸ்டாங் எத்தினி செகண்டு? சீக்கிரம்."

பேட்டிக்குக் கீழேயே யார் வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே முழு விடையையும் எழுதினேன், என் பெயரோடு. அனுப்பாமல் அழித்தேன். பிறகு அதையே அவருக்கு அனுப்பினேன். அவர் அவமானப்படக்கூடாதென்று செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. மூன்று வருடம் போட்ட கணக்குமேல் ஒரு தப்பான விடை விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. புரிவதற்காக ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அதை அவர் வரி மாறாமல் படித்தார்: "ஆறு பேர் கள எடுக்கறாங்க. நாலு பேர் மத்தியானமே கெளம்பிட்டா மீதி ரெண்டு பேர்தான சாயங்காலம் வரைக்கும்?"

"பிரமாதம் சார்! எப்படி இப்படியெல்லாம் தோணுது?"

"அதுவா வந்துடும் சார்."

வெளியே வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. "நல்ல நேரத்துல அனுப்புன. காப்பாத்திட்ட" என்றார்.

"நான்தான் போட்டேன்னு ஏன் சொல்லல?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னா உன்னுது என்னுது?"

"அப்ப, புரியாதுன்னு யாரச் சொன்னீங்க?"

"அது சும்மா பேச்சுக்கும்மா. அவங்கள்லாம் அப்பிடித்தான் எதிர்பாக்கறாங்க." அவர் குரலில் குற்ற உணர்வே இல்லை. தட்டை எடுத்து அவரே சோறு போட்டுக்கொண்டு, எனக்கும் போட்டார். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் நோட்டில்லாமல் பஸ் ஏறினேன். இரண்டு மாதம் கழித்து அவர் ஜப்பான் விமானங்களுக்குத் தனி அட்டவணை கேட்டார். "நீங்களே போடுங்க" என்றேன். போட்டார். ஜீரோ விமானத்தின் பெரிய துப்பாக்கி இரண்டுக்கும் தலா அறுபது, சின்னது இரண்டுக்கும் தலா ஐநூறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி நாலால் வகுத்திருந்தார். ஏழெட்டு நொடியில் பெரியது ஓய்ந்துபோவது அந்த அட்டவணையில் எங்கேயும் இல்லை. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை வெளியிட்டார்.

ஒரு வாரத்தில் யாரோ தப்பைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். போனை நீட்டியபடி வந்தார். "இத நீ முன்னாடியே பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

நான் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளைத் தொடர்ந்து திருத்தினேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனார்.

பேட்டி இன்னும் இணையத்தில் இருக்கிறது. அட்டவணை போட்டது நான்தான் என்று அதன் கீழே அவர் ஒரு வரி எழுதினால் போதும். ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.