ஐம்பத்திரண்டு வயதுக் குதிரைக்குட்டி

செமோன்கோங் மலைப்பக்கம் யாரைக் கேட்டாலும், ராமோஹாபி குதிரைகளுக்கு நல்லவன், தனக்குத்தான் மடையன் என்பார்கள். அந்த ராமோஹாபி நான்தான். அவர்களோடு சண்டை போட எனக்கு முகமில்லை.

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஏழு வருடம் தினமும் மாத்திரை போட்டேன். உடம்பு தேறிவிட்டது. பந்தயத்தில் இளவட்டங்களை முந்தினேன். நோய் என்னைக் கண்டு பயந்து ஓடிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, மாத்திரையை நிறுத்தினேன். மருத்துவமனையில் மாதாமாதம் கொடுத்த டப்பாக்களைத் தீவன மூட்டைக்குப் பின்னால் அடுக்கினேன். என் மனைவி மாலிச்சாபா அந்தப் பக்கம் வருவதில்லை.

மழை பொய்த்த அந்தக் கோடையில் என் குதிரைக்குட்டிக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. கால்நடை மருத்துவர் அதன் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

"நுரையீரல்ல சீழ் கட்டியிருக்குப்பா. சாணிப் புழுதியில இருக்கற கிருமி. ரெண்டு மருந்து தர்றேன். வேளை தப்பினா குட்டி தங்காது."

நானா தப்பவிடுவேன்? கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புகட்டினேன். கசப்பில் அது துப்பினால் வெல்லப்பாகில் குழைத்துக் கொடுத்தேன். கொட்டடியைத் தினமும் இருவேளை பெருக்கினேன்; புழுதியில் பாதி என் மூக்குக்குள்தான் போயிற்று. குட்டி பிழைத்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதன் அருமை பற்றி அக்கம்பக்கத்தாருக்கு அறிவுரைகூடச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து நான் இருமினேன். புழுதி என்றேன். மாலையானால் காய்ச்சல், குளிர் என்றேன். இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. மாலிச்சாபா கிண்டும் களியில் சத்தில்லை என்றேன். அவள் அகப்பையை ஓங்கினாள். தொடையில் எலுமிச்சை அளவு வீக்கம் வந்தது. பாவம், அந்தப் பழி சேணத்தின் தலையில் விழுந்தது.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு குழி. எங்கள் ஊரில் குழி என்றால் காசநோய்தான். நர்ஸ், "வழக்கமான மாத்திரை எல்லாம் போடறீங்கல்ல அண்ணே?" என்று கேட்டாள். "ஒரு நாள் விட்டதில்ல" என்றேன். காசநோய் மருந்து கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் தேவலை போலிருந்தது. பிறகு சளியில் ரத்தம் வந்தது.

மாலிச்சாபா என்னைத் தலைநகர் மசேருவுக்குப் போகும் வண்டியில் ஏற்றினாள். அங்கே டாக்டர் கெனுவே சளியையும் தொடையிலிருந்து எடுத்த சீழையும் சோதனைக்கு அனுப்பினார். நாலு நாள் கழித்துக் காகிதத்தோடு வந்தார்.

"ஐயா, உங்களுக்குக் குதிரைப் பழக்கம் உண்டா?"

டாக்டரம்மாவுக்குக் குதிரை வாங்க ஆசை போலிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாய்க்குதிரையின் பரம்பரை, வென்ற பந்தயங்கள், பல்வரிசை எல்லாவற்றையும் இருமலுக்கு நடுவே சொல்லி முடித்தேன். "விலையை மட்டும் குறைக்க மாட்டேன் டாக்டரம்மா."

"எனக்குக் குதிரை வேணாம் ஐயா. உங்களுக்கு வந்திருக்கறது குதிரைக்குட்டிங்களுக்கு வர்ற கிருமி. மனுசங்களுக்கு ரொம்ப அபூர்வம். எதிர்ப்பு சக்தி இருந்தா கிட்டவே வராது. உங்களுக்கு நுரையீரல்லேர்ந்து தொடை வரைக்கும் பரவியிருக்கு. எச்.ஐ.வி. மாத்திரை போடறீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். மாலிச்சாபா என்னைப் பார்த்தாள்.

"நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு வருசம்... கொஞ்சம் கூட இருக்கும்."

"குட்டிக்கு மட்டும் கடிகாரம் பார்த்தியே!" என்றாள் மாலிச்சாபா. "நீ செத்தா எந்தக் குதிரைய்யா எனக்குக் கஞ்சி ஊத்தும்?"

அவள் தாழ்வாரத்துக்குப் போய், போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதாள். நான் செய்த கோமாளித்தனங்களுக்கெல்லாம் முப்பது வருடமாகச் சிரித்தவள். அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். பிறகு ஒன்பது மாதம் மாத்திரைகள். அவற்றில் இரண்டு, குட்டிக்குக் கொடுத்த அதே ஜாதி மருந்துகள் என்று டாக்டர் சொன்னார். மாலிச்சாபா ஒவ்வொரு வேளையும் எதிரே நின்று, "வாயைத் திற" என்பாள். விழுங்கிய பிறகு நாக்கைத் தூக்கச் சொல்வாள். வெல்லப்பாகு கேட்டேன். கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. பக்கத்து வீட்டு செகோட்டோ வேலிக்கு அப்பாலிருந்து கனைத்தான். "என்ன மாமா, ஐம்பத்திரண்டு வயசுல பல்லு முளைச்சிருச்சா? புல்லு வைக்கட்டுமா?" கடைவீதியில் இன்றும் சிலர் கனைக்கிறார்கள். பதிலுக்குக் கனைக்க மூச்சுப் போதுவதில்லை.

குழி ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. மேட்டில் ஏறினால் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். பந்தயம் ஓட்டுவதில்லை. கொட்டடியைப் பெருக்குவது இப்போது மாலிச்சாபாவின் தம்பி. நான் காற்று வரும் பக்கத்தில் தள்ளி நின்று குறை சொல்கிறேன்.

எச்.ஐ.வி. மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை எங்கள் ஊர்ப்பக்க மருத்துவமனைக்குப் போகிறேன். புதிதாக மாத்திரை தொடங்குகிறவர்கள் முன்னால் நர்ஸ் என்னை எழுந்து நிற்கச் சொல்கிறாள். "இந்த அண்ணனை நல்லாப் பாத்துக்குங்க. இவர் செஞ்சது எதையும் செய்யாதீங்க." நான் தொப்பியைக் கழற்றி வணங்குகிறேன். பந்தயத்தில் ஜெயித்தபோதுகூட இத்தனை பேர் கைதட்டியதில்லை.