ஜானவாசத்துக்குப் போன பேட்டரி

1. ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி

பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் சேலையில் ஓட்டை. நான் டைப் அடிக்கத்தான் போயிருந்தேன். ஆனால் டைப்ரைட்டர் இருந்தது கடையின் பின்கட்டில். அதற்கும் சார்ஜ் ரூமுக்கும் நடுவே ஒரு கோணித் திரை மட்டும்தான். திரைக்கு அந்தப் பக்கம் பேட்டரிகள் வரிசையாகக் குமிழிவிட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நான் 'டியர் சார்' என்று அடித்துவிட்டு இருமுவேன், 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று அடித்துவிட்டு மறுபடி இருமுவேன். ஆசிட் எப்போது தெறித்தது என்றே தெரியாது. வீட்டுக்குப் போய்த் துவைத்தால் சேலை சல்லடையாக இருக்கும். ஆதம்பாக்கத்தில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா இது எலியின் வேலை என்று பொறியே வைத்துவிட்டார்.

கடை தி. நகரில். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் ஜவுளி, பாத்திரம் என்று போக, இவர் ஒருவர்தான் பேட்டரிக்கு வந்தார். ஆனாலும் ரத்தம் விடுமா? பேட்டரியையும் ஜவுளி மாதிரிதான் விற்பார். நாலைந்தை எடுத்துப் போட்டு, "பாருங்க, புடிச்சத எடுங்க" என்பார். கறுப்புப் பெட்டியில் பிடிக்கவும் பிடிக்காமல் போகவும் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

கவுண்டரில் இருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சொந்தக் கடை போட்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை என்னை அங்கே உட்கார வைத்தார் அண்ணாச்சி. கவுண்டருக்கு நேர் மேலே ஃபேன். எதிரே ரோடு, பஸ், ஜனம், பூக்காரியின் சண்டை. என் இருமல் நின்றுவிட்டது. எனக்கு அந்த நாற்காலியை விட மனசே இல்லை.

வருகிறவர்களுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள்.

"ஆள் இல்லையாம்மா?"

"நான் இருக்கேனே, சார்."

"இல்ல, பேட்டரி ஆள்."

பெட்ரோல் விலை எகிறியிருந்த சமயம் அது. பலர் காரிலிருந்த பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடைக்கு டீசல் காருக்கென்று பெரிய பேட்டரிகள் புதிதாக வந்து இறங்கியிருந்தன. அண்ணாச்சி அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா வசந்தா, இதுல மொதப் பேட்டரிய நீயே வித்துக் காட்டு. நீ விக்கிறது எதும் திரும்பி வரலைன்னா கவுண்டர் ஒனக்குத்தான். திரும்பி வந்திச்சின்னா நீயும் திரும்பி உள்ள போயிர வேண்டியதுதான், பாத்துக்க."

2. பேட்டரி பார்க்கும் வைபவம்

இரண்டு நாள் கழித்து ஒரு அம்பாசிடரைத் தள்ளிக்கொண்டு ஐந்து பேர் வந்தார்கள். மயிலாப்பூர்க்காரர்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் மகாதேவன், ஆடிட் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். கூட அவருடைய மச்சினர் சீனு, பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், இன்னும் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் எதற்கு வந்தார்கள் என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"பழைய பேட்டரி படுத்துடுத்தும்மா. அதே சைஸ்ல ஒண்ணு குடு" என்றார் மகாதேவன்.

பழையது சின்னப் பேட்டரி, பெட்ரோல் காலத்தது. எஞ்சினை டீசலுக்கு மாற்றியவர் அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்குகிற நசுக்கில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ளும். அந்த நசுக்கலை எதிர்த்து எஞ்சினைச் சுற்றிவிட செல்ஃப் மோட்டாருக்குப் பலம் வேண்டும், அந்தப் பலம் பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் உள்ளே ஈயப் பிளேட் அதிகம் உள்ள பெரிய பேட்டரிதான் சரி.

ஐந்து பேரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பேட்டரியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சீனு தேங்காயைத் தட்டுகிற மாதிரி அதைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வாத்தியார் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. "வெயிட் இருக்கு. நல்ல சரக்குதான்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். பெயர் தெரியாத இருவரில் ஒருவர், "வேற கலர்ல இருக்கா?" என்று கேட்டார்.

"சார், வண்டியை எதுக்கு உபயோகிப்பீங்க? தினம் ஓட்டுவீங்களா?" என்றேன்.

மகாதேவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம்பொண்ணு ஜானவாசத்துக்கும்மா."

முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் காரில் உட்கார வைத்து, நாதஸ்வரத்தோடு கோயிலிலிருந்து சத்திரம்வரை ஊர்வலமாக அழைத்துப்போவார்கள். அதுதான் ஜானவாசம். வழக்கமாகத் திறந்த காரை வாடகைக்கு எடுப்பார்கள். இவர் தன் வண்டியே போதும் என்றிருக்கிறார். சம்பந்தி அடையாற்றுக்காரர். "டீசல் காரா? லாரி மாதிரி தடதடக்குமே!" என்று எல்லோர் எதிரிலும் சிரித்துவிட்டாராம். இவரும் ரோஷத்தில், "வந்து பாருங்கோ, தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"வழியில நின்னுடுத்துன்னா எம்மானம் போயிடும். யாரு பதில் சொல்றது?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணையே ஊர்வலத்துக்கு அனுப்புதேன் சார். எலெக்ட்ரீஷியனும் கூட வருவான்."

எலெக்ட்ரீஷியன் ஏழுமலைக்குச் சைதாப்பேட்டை. யாரிடமும் மரியாதைக் குறைவாக நடக்கமாட்டார், ஆனால் எல்லோரையும் நீ என்பார். பேட்டரி உட்காரும் தட்டு சின்னதாக இருக்கிறது என்று அதை அறுத்து, இரும்பு ஆங்கிள் வைத்துப் பெரிதாக்கினார். அந்தக் காலத்துப் புதுப் பேட்டரியை வாங்கியவுடன் மாட்ட முடியாது. ஆசிட் ஊற்றி நாள்கணக்கில் முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். மகாதேவன் தினமும் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பதம் வந்துடுத்தோ?" என்று கேட்பார். ஒருவழியாகப் பதம் வந்தது. மாட்டினோம். செல்ஃபைத் தொட்டதும் வண்டி கர்ஜித்தது. ஐவரும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

3. மாட வீதியில்

ஜானவாசத்தன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். கைப்பையில் கர்சீப்புக்குப் பக்கத்தில் ஆசிட்டின் கனத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டர். காரைப் பார்த்து அசந்துபோனேன். முன் கிரில்லிலிருந்து கண்ணாடிவரை பானட் முழுவதும் மல்லிகைச் சரமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுநடுவே கலர் பல்பு. வீட்டிலிருந்து கோயில்வரை வண்டி சமர்த்தாக வந்திருந்தது. பூஜை முடிந்து மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பின் சீட்டில் ஏறினார். நாதஸ்வரக்காரர் ஆரம்பித்தார். ஸ்டியரிங்கில் இருந்த மகாதேவன் செல்ஃபை இழுத்தார்.

டிக்.

மறுபடி இழுத்தார். டிக்.

என் மூக்கில் அப்போதே ஆசிட் நெடி அடித்தது.

ஏழுமலை ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இன்னாம்மா இது? பல்பு எரியுது, ஆரன் அடிக்குது, செல்ப்பு மட்டும் மூக்கால அழுவுது. பானட்ட தொறந்தா இன்னான்னு பாத்துடலாம். எங்க தொறக்கறது? மேல பூக்கடையே கீது."

பூவை அறுத்துவிடலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், மகாதேவனின் மனைவி பாய்ந்து வந்தார். "மாப்பிள்ளை உள்ள உக்காந்துண்டிருக்கார், பூவை அறுக்கறதாவது! நீ பேட்டரி விக்க வந்தியா, அபசகுனம் பண்ண வந்தியா?"

தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. அதற்கு வேகமாக ஓட வேண்டும். முன்னால் நாதஸ்வரம், மேளம், அதற்கும் முன்னால் சம்பந்தி வீட்டார். தெருவை அடைத்து ஜனம். சம்பந்தி அரைகுறையாகத் திரும்பி, "என்ன, கிளம்பலாமோன்னோ?" என்றார்.

மகாதேவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேட்டி நுனியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழுமலைதான் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"சாமி, ஊர்கோலம் போற ஸ்பீடுக்கு எஞ்சின் எதுக்கு? நாங்க பின்னால தள்ளிகினு வர்றோம். நீ ஸ்டேரிங்க புட்ச்சிகினு கம்முனு குந்திகினு இரு."

மாப்பிள்ளை வீட்டுக்காரர் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று சீனு பதறினார். பெண் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், அதே ஐவர் குழுதான், ஸ்டியரிங்கில் இருப்பவர் நீங்கலாக. பேட்டரியைத் தட்டிப் பார்த்தவர், தூக்கிப் பார்த்தவர், கலர் கேட்டவர், ஒன்றும் கேட்காதவர் என்று நாலு பேரும் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு டிக்கியில் கை வைத்தார்கள். ஏழுமலை நடுவில். நானும் ஓரமாக ஒரு கை கொடுத்தேன். அந்தப் பட்டுச்சேலையில் மட்டும்தான் ஆசிட் ஓட்டை இல்லை. அன்றைக்கு அதிலும் டிக்கிக் கறை ஏறியது.

வண்டி நகர்ந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. கலர் பல்புகள் மினுமினுக்க, தேர் மாதிரி அசைந்து போனது. நாதஸ்வரக்காரரின் ஒவ்வொரு பிருகாவும் காதில் விழுந்தது. மாப்பிள்ளை இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அவருக்கே விஷயம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எங்களைப் பார்த்த சனங்கள் காருக்குப் பின்னால் பக்தியோடு குனிந்து நடக்கிறோம் என்று எண்ணியிருக்க வேண்டும். ஒரு பாட்டி வாத்தியாரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

சத்திர வாசலில் மகாதேவன் பிரேக் போட்டார். மாப்பிள்ளை இறங்கினார். சம்பந்தி நேராகக் காரிடம் வந்து, பூவை விலக்கி பானட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"என்ன ஓய் இது! இவ்வளவு தூரம் வந்திருக்கு, கொஞ்சம்கூடச் சுடலையே! சத்தமும் இல்லையே! டீசல்னு சொன்னேளே?"

மகாதேவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே இறங்கினார். அதற்குள் ஆடிட் ஆபீஸ் நிதானம் வந்துவிட்டது.

"எல்லாம் பேட்டரி விசேஷம்" என்றார்.

பின்னால் நாலு பேரும் மூச்சுவாங்கிக்கொண்டு ஆமோதித்தார்கள்.

4. சந்தனம்

எல்லோரும் உள்ளே போனதும் பூவை அவிழ்த்து பானட்டைத் திறந்தோம். நான் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். மிதவை ஜம்மென்று மேலே நின்றது. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. ஏழுமலை பேட்டரி முனையில் ஒயரைப் பிடித்திருந்த கிளாம்ப்பைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. உள்ளே ஈய முனை முழுக்கச் சந்தனம், கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. உச்சியில் குங்குமம். மற்ற முனையிலும் அதே அலங்காரம்.

மகாதேவனின் மனைவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "புதுசா ஆத்துக்கு வந்த சாமான், பொட்டு வைக்காம எப்படிம்மா? ரெண்டு மண்டையையும் என்னமோ மூடிண்டிருந்தது. அதைக் கழட்டிட்டு நன்னா குளிரக் குளிரப் பூசினேன். மாமாதான் திரும்ப மாட்டினார்."

சந்தனம் ஈரமாக இருந்தவரை எப்படியோ ஒருமுறை ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. காய்ந்ததும் முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே சுவராகிவிட்டது. பல்புக்கும் ஹாரனுக்கும் வேண்டிய கொஞ்சம் கரண்ட் கசிந்து போகும், செல்ஃப் மோட்டாருக்கு வேண்டியது போகாது. ஏழுமலை சுரண்டித் துடைத்து, இறுக்கி மாட்டிச் செல்ஃபை இழுத்தார். தடதடவென்று சத்திரமே அதிர்ந்தது.

மகாதேவன் உள்ளேயிருந்து தலைதெறிக்க ஓடிவந்தார். "நிறுத்துப்பா, நிறுத்து! சம்பந்தி காதுல விழப்போறது!"

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி கிளம்பவில்லை என்று வந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படுமுன் முனையைத் துடைத்துப் பாருங்கள். பொட்டு வைப்பவர்களைத் தடுக்காதீர்கள், தடுத்தாலும் கேட்கமாட்டார்கள். பெட்டியின் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். முனைக்கு மேலாகக் கொஞ்சம் வாஸ்லைன் தடவினால் போதும்.

கல்யாணம் ஆன மறு வாரம் அந்தச் சம்பந்தியே கடைக்கு வந்தார். அவரும் தன் காருக்கு டீசல் எஞ்சின் வைத்துவிட்டாராம். "மகாதேவன் வண்டியில இருக்கே, சத்தம் வராத பேட்டரி, அது வேணும்." சத்தத்துக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்மா, நானே தொட்டுப் பார்த்தேன்" என்றார். அதற்குமேல் பேசினால் மகாதேவன் மானம் போகும். டீசலுக்கு எப்படியும் அந்தப் பேட்டரிதான் சரி. கொடுத்துவிட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். ரோட்டிலேயே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கத்தினார். "கேட்டியாம்மா? தடதடங்கறது! இதைத் திரும்ப எடுத்துக்கோ!"

திரும்ப என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்கட்டில் டைப்ரைட்டர் காத்திருந்தது.

"சார், எவ்வளவு வேகத்துல ஓட்டுறீங்க?" என்றேன்.

"எல்லாரும் ஓட்டற வேகந்தான்."

"அதான் சார். அன்னிக்கு மகாதேவன் சார் ஓட்டின வேகத்துல ஓட்டிப் பாருங்க. சத்தமே வராது."

சம்பந்தி யோசித்தார். அன்றைக்கு வண்டி நடை வேகத்தில் வந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அதுவும் சரிதான், நிதானமான மனுஷர்" என்று சொல்லிக்கொண்டே போய் ஏறினார். ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டிக்கொண்டு, ரிக்ஷாக்களெல்லாம் தாண்டிப் போக, ஊர்ந்து போனார்.

அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய், என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை இன்னும் ஒரு பாயிண்ட் கூட்டி வைத்தார்.