மைக்கைப் பொத்திய கை

"...பகல் முழுக்கத் தேயிலைச் செடி, போன்லயும் கத்திரிக்காய்ச் செடியா? சலிக்கலயாண்ணே?" என்று என் போனில் இருந்த தோட்ட விளையாட்டைப் பார்த்துச் சிரித்தார், பக்கத்து இருக்கைப் பெண். கியா பார்ம் மலைச் சந்தை நெரிசலில் பேருந்து நகரவேயில்லை. என்னைப் போலவே அவர் விரல்களிலும் தேயிலைக் கறை. அவர் ஆடியதோ துப்பாக்கிச் சண்டை. போனின் அடிப்பகுதியை மட்டும் உள்ளங்கையால் பொத்தியே வைத்திருந்தார்.

"மைக் அங்கதான் இருக்கு. ஆஃப்தான், இருந்தாலும் பயம்லா. பொம்பள குரல்னு தெரிஞ்சா போதும், கூட ஆடுறவனுங்களே போய்ச் சோறாக்குன்னுவானுங்க. அதுக்கு மேல சொல்றத உங்ககிட்ட சொல்ல முடியாது."

"கத்திரிக்காய் வைக்க வாங்கம்மா, அது யாரையும் திட்டாது."

"திருப்பி அடிக்கவும் அடிக்காதே! அதுல என்ன ருசி?"

ஜெயித்தால் மேல்நிலை, தோற்றால் மறுபடி கீழே என்றிருந்த ஆட்டம் அது. எதிரி ஒருவன் அவருடைய அணிக்குப் பின்னால் பதுங்கி வந்தான். அவர் கண்ணில் மட்டுமே பட்டான். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மைக்கைத் திறந்து, "பின்னால பாருங்கடா!" என்று கத்தினார். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

அணி பிழைத்தது. நன்றி வரவில்லை. "டேய், பொம்பளடா!" என்று போனுக்குள் ஒரே சிரிப்பு. அடுத்து வந்த வார்த்தைகளுக்கு நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் வியர்த்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். மைக்கை மூடவில்லை. "லெப்ட்ல ரெண்டு பேரு வர்றானுங்க, சிரிச்சிட்டு நிக்காத, சுடு!" என்றார்.