தம்பிக்கு எப்படி இருக்குன்னு கேட்டாங்க

இன்னைக்குக் காலையில லிங்கராஜபுரம் பஸ்ல ஒரு ஆன்ட்டி என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அவங்களைத் தெரியாது.

"நீ அந்த வீடியோல பேசுன பொண்ணுதானே?"

என் தம்பி ஆல்வின் வரைஞ்ச காமிக்ஸைப் புத்தகமா போட ஆன்லைன்ல பணம் திரட்டுறேனே, அதுக்கு நான் இங்கிலீஷ்ல பேசிப் போட்ட வீடியோ. லிங்கைத் திறந்ததும் அவன் போட்டோதான் வரும். ஆஸ்பத்திரி பெட்ல, கையில டிரிப்ஸோட வரைஞ்சுக்கிட்டு இருப்பான்.

"எங்க ஜெபக் குரூப்புல வந்துச்சும்மா. இங்கிலீஷ் நமக்கு எங்க தெரியுது? போட்டோவைப் பார்த்து மனசு கேக்கல, ஐநூறு ரூபா போட்டேன். தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?"

ஆல்வின் போய் எட்டு மாசம் ஆச்சு. போட்டோவுக்குக் கீழ முதல் வரியே அதுதான். இங்கிலீஷ்ல.

சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"வாராவாரம் அவன் பேரைச் சொல்லி ஜெபம் பண்றோம். எழுந்து வந்துடுவான், நீ வேணா பாரு."

"பரவாயில்ல ஆன்ட்டி. நேத்து ரெண்டு இட்லி சாப்பிட்டான்."

இட்லி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. எட்டு மாசத்துல யாரும் என்கிட்ட அப்படிக் கேக்கவே இல்ல, அதான்.

"ஸ்தோத்திரம்!"னு அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்தேன்.

இப்ப ஒரு சிக்கல். பணம் போட்ட எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு புத்தகம் அனுப்புறதா சொல்லியிருக்கேன். அதோட முதல் பக்கத்துல ஆல்வின் பேருக்குக் கீழ ரெண்டு தேதி இருக்கு.

ஆன்ட்டிக்கு மட்டும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு அனுப்பலாமா? சொல்லுங்க.