அழகுமலை கட்டிய பிளக்ஸ் குடில்

செல்லூரில் அழகுமலையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் கட்டிய பேனரில் தோளை இடித்துக்கொள்ளாதவர்கள் இருக்க முடியாது. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் சவுக்குக் கம்பை ஊன்றி, பிளக்ஸைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவது அவன் தொழில். மாப்பிள்ளைக்கு இல்லாத மீசையைக் கம்ப்யூட்டர்காரன் கொடுத்துவிடுவான்; அந்த மீசையை நிமிர்ந்து நிற்க வைப்பது அழகுமலையின் பொறுப்பு. பத்தாம் வகுப்பில் பாதிப் பாடங்களில் விழுந்தவன்தான். ஆனால் அவன் கட்டிய பேனர் ஆடிக் காற்றுக்கும் விழுந்ததில்லை.

மகளுக்குப் பெயர் வைத்ததும் பேனரைப் பார்த்துத்தான். தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் வீட்டு விசேஷத்துக்குக் கட்டிய பிளக்ஸில் ‘மாதங்கி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிடித்துப்போயிற்று. பேனரைக் கழற்றும்போது பெயரையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

“திருட்டுப் பேரா எம் மகளுக்கு?” என்று ரோகிணி சிரித்தாள். அவள் அப்போதெல்லாம் சிரிப்பாள்.

ரோகிணி கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் பிறந்தவள். கல்யாணமாகி மதுரைக்கு வந்த நாளிலிருந்து கொல்லையில் எதையாவது நட்டுக்கொண்டே இருந்தாள். அதை வெயில் தின்றுகொண்டே இருந்தது. “உங்க ஊர்ல கருவேப்பிலையே கருகிப்போகுது. ஒரு கேரட்டு, எங்க மலையில மொளைக்கிற ஒரு பெரணிச் செடி வைக்க வழியுண்டா?” என்பாள். “கேரட்டு மார்க்கெட்ல விக்கிது புள்ள” என்பான் அவன்.

மாதங்கி மூன்று வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு மேல் அழகுமலை அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

பேனர் கட்டுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கூட்டாளி வீட்டில் துக்கம் என்றால் மற்றவர்கள் சேர்ந்து இலவசமாகக் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுப்பார்கள். முப்பதாம் நாள் கும்பிடும்வரை அது தெருமுனையில் நிற்க வேண்டும். மாதங்கிக்கும் வந்தது. மஞ்சள் கவுனில், மொட்டை போட்டு முளைத்த முடியோடு, பத்தடி உயரத்தில் சிரித்தாள். கூட்டாளி தங்கப்பாண்டிதான் கட்ட வந்தான். கோணலாகக் கட்டினான். அழகுமலைக்குப் பொறுக்கவில்லை, அவனை இறக்கிவிட்டுத் தானே ஏறி, அழுதுகொண்டே நேராகக் கட்டினான். செல்லூரில் அவ்வளவு நேராக ஒரு பேனர் நின்றதில்லை.

பால் வாங்கப் போன ரோகிணி பார்த்தாள். ஒரு மாடு அந்தப் பிளக்ஸில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாடு தேய்க்கத் தேய்க்கக் குழந்தையின் கன்னம் அசைந்தது.

“எறக்கிருங்க” என்றாள் வீட்டுக்கு வந்து. “வெயில்ல வெளுத்துக்கிட்டிருக்கா.”

“முப்பது கும்புடாம எறக்குனா ஊரு என்ன புள்ள சொல்லும்?”

“ஊருக்காகவா பெத்தேன்? கொண்டுபோயி முக்குல கட்டித் தொங்கவிட்டுட்டு வந்திருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பனா?”

அவன் இறக்கவில்லை. அவள் பூம்பாறைக்குப் போய்விட்டாள். முப்பதாம் நாள் வந்து கும்பிட்டுவிட்டு அன்றே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

மலைச் செடி வளர்க்கக் குளிர்ச்சியாக ஒரு குடில் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. போனில் ஏதோ வீடியோ பார்த்தான் என்பான் தங்கப்பாண்டி. ஒருநாள் சவுக்குக் கம்புகளைக் கொல்லையில் ஊன்றினான். இடிக்கிற வீட்டிலிருந்து ஒரு பச்சைக் கதவும் இரண்டு ஜன்னலும் வந்தன. மண்டபத்தில் தூக்கிப் போட்ட ஃபேன் ஒன்று கழுத்துச் சாய்ந்து வந்தது. பக்கங்களில் சாக்கைத் தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில்களைக் கட்டி, சாக்கு எப்போதும் நனைந்திருக்கும்படி செய்தான். ஃபேன் அந்த ஈரத்தை இழுத்து உள்ளே அனுப்பியது. மதுரை வெயிலை ஏமாற்றிய முதல் ஆள் தானே என்று ஒரு நினைப்பு.

கூரைக்குப் பழைய பிளக்ஸ், வெள்ளைப் பக்கம் உள்ளே பார்க்க, இரண்டு அடுக்காக. மேலே படுத்திருந்த மாப்பிள்ளைகள் எல்லாம் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“என்ன மாப்ள, தக்காளிக்குக் காதுகுத்தா? மொய் எழுதணுமா?” என்றான் தங்கப்பாண்டி.

“தக்காளி இல்லடா, கேரட்டு.”

“கேரட்டுக்கு இம்புட்டு மாப்பிள்ளையா?”

அடி அடுக்கில் ஒரு பிளக்ஸ் குறைந்தது. அழகுமலை நினைத்தால் ஊரில் பிளக்ஸுக்குப் பஞ்சமா? ஆனால் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த மாதங்கியை எலி கடிக்கத் தொடங்கியிருந்தது. தூக்கிப்போட முடியாது, வெட்ட முடியாது, விரித்துப் பார்க்கவும் முடியாது. அதை எடுத்துப் போய் அடி அடுக்கில், படம் மேலே பார்க்கக் கட்டினான். அதற்கு மேல் ஒரு மாப்பிள்ளையை மூடினான். இனி வெயில் படாது. யார் கண்ணும் படாது. ரோகிணி வந்தால் மூன்று பேரும் ஒரே கூரையில் இருப்போம் என்று நினைத்தான். அதைத் தங்கப்பாண்டியிடம்கூடச் சொல்லவில்லை.

உள்ளே பெரணி பிடித்துக்கொண்டது. அதைப் போனில் படமெடுத்து அனுப்பினான். பல நாள் கழித்து ரோகிணி பேசினாள். “ஒருநா வந்து பாக்குறேன். இருக்க முடிஞ்சா இருக்கேன். முடியலேன்னா விட்டுறணும்.”

“சரி” என்றான்.

அவள் வருவதற்கு முன்பு ஒரு சிக்கல். கேரட் நாற்று வெளுத்து, வெளிச்சம் தேடி நூலாக நீண்டது. வாடிப்பட்டியில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் காளைக்குப் போன் போட்டான். “உள்ள இருட்டா இருக்குண்ணே. மேல ஒரு அடுக்க உருவி விடுங்க” என்றார் காளை.

ரோகிணி வரும் அன்று விடியற்காலையில் ஏறி, மேலிருந்த மாப்பிள்ளைகளை எல்லாம் உருவினான். மாதங்கியின் முகம் வானத்தைப் பார்த்தது. உள்ளே இறங்கி அண்ணாந்து பார்த்தான். வெறும் வெள்ளை. பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் அப்போது கூரை முழுக்க விழுந்திருந்தது. ஆயுசு முழுக்கப் பேனரை முன்பக்கமிருந்தே பார்த்துப் பழகியவன். பின்பக்கம் நிற்கும்போதெல்லாம் அவன் கண் முடிச்சில்தான் இருக்கும். பின்னால் வெயில் அடித்தால் பிளக்ஸ் என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு பையோடு ரோகிணி வந்தாள். பெரிய பை. அவன் அந்தப் பையைத்தான் முதலில் பார்த்தான்.

பச்சைக் கதவைத் திறந்ததும் ஈரக் காற்று அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியருகே உட்கார்ந்தாள். பெரணி இலையைத் திருப்பிப் பார்த்தாள். நாற்றுகளை விரலால் கலைத்தாள். “நெருக்கமா வெதச்சிருக்கீங்க. இப்புடி வெதச்சா கெழங்கு வைக்காது.”

“நீ சொல்லிக் குடு.”

“சொல்லிக் குடுத்தா கேட்டுருவீங்க பாரு.” அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டீ வாங்கி வர ஓடினான்.

அவன் தூக்குவாளியோடு திரும்பி வந்தபோது சூரியன் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டியிருந்தது. ரோகிணி நின்றுகொண்டிருந்தாள். கூரையில் வெயில் ஊடுருவி மாதங்கி எரிந்துகொண்டிருந்தாள். மஞ்சள் கவுன், முளைத்த முடி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. அந்த மஞ்சள் வெளிச்சம் பெரணியிலும் மண்ணிலும் ரோகிணியின் நெற்றியிலும் விழுந்திருந்தது.

“நான்... தெரியும்னு நெனைக்கல புள்ள. மூடித்தான் வச்சிருந்தேன். வெயில் படாம...”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குப் பழக்கம்.

“எறக்குங்க” என்றாள்.

இந்தமுறை இறக்கினான். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். பெரிய பிளக்ஸை ஒரு ஆள் மடிக்க முடியாது. அந்தப் பக்க முனைகளை அவள் பிடித்தாள், இந்தப் பக்கம் அவன். போர்வை மடிப்பதுபோல் எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். விலகினார்கள். மறுபடி வந்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் தூரம் குறைந்தது. கடைசி மடிப்பில் அவள் விரல்கள் அவன் விரல்கள் மேல் இருந்தன. அவன் விடவில்லை.

“குடுங்க” என்றாள். கொடுத்துவிட்டான்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டான். பையை மேலே வைத்தாள். பிளக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, அதுக்கு லக்கேஜ் போடணும்” என்றார் கண்டக்டர்.

“மடியிலதானண்ணே வச்சிருக்கேன்” என்றாள் ரோகிணி.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பஸ் கிளம்பியபோது அவள் ஜன்னல் வெயில் படாமல் அதன்மேல் முந்தானையை இழுத்து மூடினாள்.

கூரையில் ஒரு பிளக்ஸ் அளவுக்கு வானம் தெரிந்தது. தங்கப்பாண்டி புதுசாக ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். “நல்ல கனம் மாப்ள, கிழிசல் இல்ல. அடச்சிருவோமா?”

“வேணாண்டா.”

“வெயிலு நேரா விழுகுது. பெரணி செத்துரும்டா.”

வெயில் விழுந்த இடத்தில், ரோகிணி விரலால் கலைத்துவிட்டுப் போன நாற்றுகளுக்கு மட்டும் நிழல் விழும்படி அழகுமலை போய் உட்கார்ந்துகொண்டான். முதுகு காய்ந்தது. தங்கப்பாண்டி பிளக்ஸைக் கீழே போட்டுவிட்டு, அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.