வரப்பில் விளைந்த கேரட்

இந்த ஊரில் காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் உப்பைத் தூவுகிறார்கள். நம் பக்கத்தில் சாணி தெளிப்பதைப் போல, வாளியில் கல்லுப்பை அள்ளி வந்து படியிலும் நடைபாதையிலும் இறைக்கிறார்கள். பனி உருகுவதற்காம். நான் வந்த புதிதில் என் மகன் செந்தில் அப்படி இறைத்துவிட்டு, அதன் மேலேயே பூட்ஸ் காலோடு நறநறவென்று நடந்து வேலைக்குப் போனான். நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முட்டி தேயும்வரை மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்தவள் நான். அடுப்படியில் நாலு கல் உப்பு சிந்தினால்கூடப் பொறுக்கி எடுப்பேனே தவிர மிதிக்க மாட்டேன். சாயங்காலம் அவனைக் கேட்டேன். "இது திங்கிற உப்பு இல்லம்மா. ரோட்டு உப்பு," என்றான். உப்பில் அப்படி ஒரு சாதி இருப்பதை இந்த வயதில் கனடாவுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. ஊரில் இருப்பவர்களும், என்னைப்போலப் பிள்ளை கூப்பிட்டான் என்று வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். இங்கே ஒரு குறையும் இல்லை. மருமகள் நல்லவள். சோறு சூடாக இருக்கிறது, வீடும் சூடாக இருக்கிறது. எனக்கு வேலைதான் இல்லை. பாத்திரத்தை மிஷின் கழுவுகிறது, துணியை மிஷின் துவைக்கிறது. கூலி வாங்கிச் சாப்பிட்ட கைக்கு இது ஒரு வகை அவமானம். குளிர்காலம் முடியும்போது செந்திலிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒரு வேலை காட்டுடா. இல்லன்னா அடுத்த பனிக்கு முன்னாடி டிக்கெட் போட்டுடு. சும்மா குந்திக்கினு சோறு துன்ன என்னால முடியாது."

அவன் காட்டிய வேலை பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கே ஓல்காம்மா தனியாக இருக்கிறார். என்னைவிட மூத்தவர். அவருடைய தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் என்று செந்தில் சொன்னான். வருஷா வருஷம் வீட்டுக்குப் பின்னால் கேரட் போட்டு, பனிக்கு முன் பிடுங்கி, கீழே பேஸ்மென்ட்டில் ஒரு மரப்பெட்டியில் மணல் போட்டு அடுக்கி, வசந்தம் வரை அதையே எடுத்துச் சாப்பிடுவாராம். கடையில் கேரட் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அந்த ஒன்று எனக்கு மொழி இல்லாமலே புரிந்தது. இடுப்பில் ஆப்பரேஷன் ஆனதால் அந்த வருஷம் அவரால் குனிய முடியவில்லை. நான் பயிர் வைப்பது, விளைந்ததை இரண்டு வீட்டுக்கும் வைத்துக்கொள்வது என்று செந்தில் பேசி முடித்தான். "பொட்டி நெறையணும், அவ்ளோதான் அவங்க கேக்கிறது," என்றான்.

கேரட் எனக்குக் கடைச் சாமான். மரக்காணம் மார்க்கெட்டில் ஊட்டி கேரட் என்று கூவி விற்பார்கள். கல்யாணச் சாம்பாரில் பார்த்திருக்கிறேன். அது மண்ணுக்குள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் பாத்தி கட்டுவது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. மண்வெட்டி வாங்கி, கட்டி உடைத்து, நாலு பக்கமும் வரப்பு அணைத்து, தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இறங்கினேன்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் எங்கள் உப்பளத்தில் முதல் வேலை மிதிப்பதுதான். சேறாகக் கிடக்கும் பாத்தியில் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, குதிகாலை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டே போவோம். நான் முன்னால், எனக்குப் பின்னால் அஞ்சலை. அவள் என் கால் வைத்த இடத்தில் கால் வைப்பாள். அப்படி மிதித்து இறுகினால்தான் தண்ணீர் கீழே இறங்காது, உப்பில் மண் ஏறாது, வெள்ளையாக வரும். என் பாத்தியில் ஒரு சிமென்ட் தரையின் வழவழப்பு இருக்கும். முதலாளி மற்றவர்களைக் கூப்பிட்டு, "அந்தம்மா மிதிச்சத பாருங்க," என்பார். அந்தக் கால் அது.

அதே காலால் ஓல்காம்மாவின் பாத்தியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மிதித்தேன். மண் கறுப்பு, குளிர்ச்சி. முட்டி வலித்தாலும் நிறுத்தவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஓல்காம்மா ஜன்னலில் நிற்கிறார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு கை தட்டினார். வேலை தெரிந்தவர், பாராட்டுகிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மேலாக நகத்தால் கீறிவிட்டது போலக் கோடு போட்டு விதையைத் தூவி, மண்ணைத் தூவினேன். அன்று ராத்திரி பலத்த மழை. இறுகின பாத்தியில் தண்ணீர் தேங்கி, கொஞ்சம் விதை வரப்போரம் ஒதுங்கிவிட்டது. போனால் போகிறது என்று விட்டேன்.

ஆனி, ஆடி முழுக்க அங்கேதான் இருந்தேன். நெருக்கமாக முளைத்ததை ஓல்காம்மா கைத்தடியால் சுட்டிக் காட்ட, நான் பிடுங்குவேன். அவர் அவர் மொழியில் பேசுவார், நான் என் மொழியில் பதில் சொல்வேன். பாதி நேரம் அவர் தண்ணீர் கேட்டிருப்பார், நான் வெயிலைப் பற்றிச் சொல்லியிருப்பேன். ஒருவருக்கும் நஷ்டமில்லை. பிடுங்கின இளந்தழையைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. பருப்பு போட்டுக் கடைந்து ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆட்டுக்குப் போடுவதைத் தனக்குப் போட்டது போல முதலில் பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு கிண்ணத்தை வழித்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். தழை அப்படிச் செழித்து நின்றது. செந்தில் தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பொட்டி பத்தாது போல இருக்குதும்மா," என்பான்.

புல்லில் வெள்ளை படிய ஆரம்பித்த காலையில் பிடுங்கினோம். ஓல்காம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் கொத்தைப் பிடித்து இழுத்தேன். தழை மட்டும் கையோடு வந்தது. மண்வெட்டியால் கிளறி எடுத்தால், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு உருண்டை. அடுத்தது இரண்டு காலை அகட்டி உட்கார்ந்த மாதிரி. அதற்கடுத்தது இஞ்சிபோலத் திருகிக்கொண்டு. பாத்தி முழுக்க அப்படித்தான். செந்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கிழவியின் குளிர்காலச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேன், இனி டிக்கெட் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன். கடைசியில் வரப்போரம் ஒதுங்கி முளைத்ததைப் பிடித்தேன். சறுக்கிக்கொண்டு வந்தது, அரை முழ நீளம், நேராக, பளபளவென்று. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. வரப்பு மண் பொலபொலவென்று இருந்தது. அதை நான் மிதிக்கவில்லை. என் காலையே குனிந்து பார்த்தேன். உப்புக்கு நல்லது செய்த கால் கேரட்டின் கழுத்தை நெரித்திருக்கிறது.

விதைக்கும்போது ஜன்னலில் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது. செந்திலைக் கேட்கச் சொன்னேன். ஓல்காம்மா ரொம்ப நேரம் பேசினார். செந்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான்.

"நீ சாமி கும்பிட்டு ஆடுறன்னு நெனச்சிட்டாங்களாம்மா. வெதைக்கிறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல பூமிக்கு ஆடுவாங்க போலன்னு. குறுக்க பேசுனா தெய்வக் குத்தம்னு சும்மா இருந்துட்டாங்களாம்."

நான் ஓல்காம்மாவைப் பார்த்தேன். அவர் கையை நெஞ்சில் வைத்து, அன்றைக்கு ஜன்னலில் ஆட்டிய மாதிரியே தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு மரப்பெட்டியை எடுத்து வைத்தோம். கழுவக் கூடாது, மண்ணை மட்டும் தட்ட வேண்டும். தழையை ஒட்ட அரிந்துவிட வேண்டும். ஈர மணல் ஒரு அடுக்கு, ஒன்றையொன்று தொடாமல் கேரட் ஒரு அடுக்கு. வரப்பில் விளைந்தது பாதிப் பெட்டிக்கு வந்தது. நான் கூடையை ஒதுக்கினேன். ஓல்காம்மா அதைத் தடியால் தன் பக்கம் இழுத்து, கோணலும் குட்டையுமாக இருந்தவற்றில் காயம் படாதவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். பெட்டி விளிம்புவரை நிறைந்தது. காயம் பட்டவற்றை நான் எடுத்துப் போய் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டு ஊறுகாய் ஆக்கினேன். ஊரிலிருந்து வரும்போது கையோடு கொண்டுவந்த மரக்காணத்து உப்பைத்தான் போட்டேன். ஓல்காம்மா அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார். அடுத்த வருஷம் பாத்திக்கு என்னைத்தான் கூப்பிடுவாராம், ஆனால் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்புக்கு வெளியே நின்று ஆட வேண்டுமாம். செந்தில் சொன்னான்.

முதல் பனி விழுந்ததும் அவன் கேட்டான். "டிக்கெட் போடட்டுமாம்மா?"

"பொட்டி இன்னும் காலியாவலியே," என்றேன்.

இது தை மாதம். இன்று காலை கேரட் எடுக்க ஓல்காம்மா வீட்டு பேஸ்மென்ட்டில் இறங்கினேன். மணிக்கட்டுவரை மணலுக்குள் கையை விட்டபோது அஞ்சலை போன் செய்தாள். அங்கே சாயங்காலம். உப்பளத்திலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டே பேசினாள்.

"அக்கா, இன்னிக்கி மிதிக்க ஆரம்பிச்சிட்டாங்க. உன் எடத்துல எவளோ ஒரு புதுசு. பூனை நடக்கிற மாதிரி நடக்கிறா. அவ பின்னாடி போவ எனக்கு வெக்கமா இருக்குது. நீ அங்க இன்னா பண்ற?"

"கேரட்டு எடுக்கிறேன்."

"கேரட்டு எடுக்கவா இப்பிடி மூச்சு வாங்குது?"

அப்போதுதான் கீழே பார்த்தேன். கம்பளிக் காலுறை போட்ட என் இரண்டு காலும் சிமென்ட் தரையில் குதிகாலை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தன. கை மணலுக்குள் இருந்தது, ஒரு கேரட்டைப் பிடித்தபடி. மாடிப்படிக்கு மேலே ஓல்காம்மா கை தட்டினார்.